கெளுத்திக்கு வர்ணம் அடித்தவன்

மீனை வரைவது பெரிய காரியமில்லை. அது என்ன நிறம் என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு அலைகிற தொழில் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக்கூடாது.

அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பிப் பிழைத்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். "போன தீபாவளிக்குத் தைச்ச மாதிரியே" என்று சொல்லிவிட்டுத் துணியை எறிந்துவிட்டுப் போகிறவரிடம் அகப்பட்ட தையல்காரர், "அந்த வெள்ளை மாத்திரை" கேட்கிறவரிடம் மாட்டிய மருந்துக்கடைக்காரர், இவர்களெல்லாம் என் ரத்த சொந்தங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

நான் புதுச்சேரியில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தவன். கதாநாயகனின் கன்னத்தில் ரோஜா நிறம் அடித்தாலும் வில்லனின் கன்னத்தில் பச்சை அடித்தாலும் யாரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. எழுபதுகளின் கடைசியில் என் கெட்ட நேரம், மீன் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக ஆர்ட்டிஸ்டாக வேலை கிடைத்தது. மீனவர் பயிற்சி வகுப்புகளில் மாட்டுவதற்கு மீன் படங்களைச் சார்ட்டாக வரைந்து கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஆர்ட்டிஸ்ட் வஞ்சிரம், வவ்வால், சுறா எல்லாவற்றையும் அழகாக முடித்துவிட்டு, கெளுத்தி வந்ததும் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நெல் தெரிந்த ஆபீசர்

எங்கள் ஆபீசர் தங்கமான மனிதர். ஆனால் நெல்லைப் படித்துவிட்டு, நெல்லிலேயே வேலை பார்த்து, பதவி உயர்வில் மீனுக்கு வந்தவர். கெளுத்தி சார்ட் கலரில் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த அன்று, ஆபீசில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு "கெளுத்தி என்ன கலர்?" என்று கேட்டார். பியூன் கலியபெருமாள் கறுப்பு என்றார். ஜீப் டிரைவர் வெள்ளை என்றார். டைப்பிஸ்ட் அம்மாள் மஞ்சள் என்றார். நீலமாக ஒன்று இருப்பதாகத் தானே எங்கோ படித்ததாக ஆபீசர் சொன்னார். அவ்வளவுதான். நம் கடற்கரையில் கெளுத்தி நான்கு வகை என்று மேலிடத்துக்குப் பதில் போய்விட்டது.

கெளுத்தியில் பல சாதி உண்டு என்பது உண்மைதான். விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்த்து, மீசையை அளந்து பிரிப்பார்களாம். எங்கள் ஆபீசில் பல்லுக்கும் மீசைக்கும் இடமில்லை. நிறம் ஒன்றுதான் அடையாளம். இந்த நான்கையும் தேடிப் பிடித்து, உயிரோடு இருக்கும்போது உள்ள நிறத்தில் வரைவது என் பொறுப்பு. வரைந்து முடித்தால் என்னை நிரந்தரம் செய்யச் சொல்லித் தானே எழுதுவதாக ஆபீசர் வாக்குக் கொடுத்தார். நான் மெதுவாக, "ஒரே மீனைத்தான் நாலு பேரும் நாலு விதமா பாத்தாங்களோ என்னமோ, சார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நெல்லுல எத்தனை சாதி இருக்கு தெரியுமா? மீனுக்கு நாலுகூட இல்லன்னா நமக்கு அசிங்கமில்லையா?"

அண்ணன் நீலம், தம்பி பழுப்பு

முதலில் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். சிங்காரம், பாவாடை என்று அண்ணன் தம்பி இரண்டு பேர்; ஒரே கட்டுமரம், ஒரே வலை, ஒரே பீடிக்கட்டு. அவர்கள் ஒற்றுமையை ஊரே எடுத்துக்காட்டாகச் சொல்லும் என்று கேள்விப்பட்டுத்தான் அவர்களிடம் போனேன். ஒற்றுமையானவர்கள் ஒரே நிறத்தைச் சொல்வார்கள் என்று என் கணக்கு.

"கெளுத்தியா? நீலம். மயிலு கழுத்து இருக்கு பாருங்க, அது" என்றார் அண்ணன். "எங்க நீலம்? பழுப்பு. ஈரக் கோணி கலரு" என்றார் தம்பி. நான் இரண்டையும் எழுதிக்கொண்டு நன்றி சொல்லி எழுந்திருக்கலாம். விதி யாரை விட்டது? "ரெண்டு பேரும் ஒரே மீனைத்தானே புடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கண் தெரியவில்லையா என்று அண்ணன் கேட்டார். கண் தெரியாதவன் யார் என்று தம்பி கேட்டார். பேச்சு கெளுத்தியிலிருந்து அவர்கள் அப்பா விட்டுப்போன வலைக்குத் தாவி, அதை யார் அதிகம் ஆண்டது என்பதில் நின்றது. இருவரும் எழுந்து ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். அண்ணனுடைய மனைவி சாம்பல் கையோடு வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ படம் போட வந்தியா, பாகம் பிரிக்க வந்தியாய்யா?"

முசே வீட்டுச் சுவர்

மஞ்சள் கெளுத்தியைப் பற்றி விசாரித்தபோது எல்லோரும் ஒருவரைக் கைகாட்டினார்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் முசே அந்துவான்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. தினமும் தானே பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவார். அதிலும் கெளுத்தி என்றால் உயிர். "ழோன், மோனாமி, ழோன்! சுத்த மஞ்சள், நண்பா" என்றார். எந்த மாதிரி மஞ்சள் என்று கேட்டேன். எலுமிச்சையா, மாம்பழமா, சாமந்தியா? அவர் சலித்துக்கொண்டார். "எங்க வீட்டுச் சுவரு கலருதான். போயி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வர்ணப்பெட்டியோடு அவர் தெருவுக்குப் போனேன். கிழக்குச் சுவர் வெயில் குடித்து வெளுத்து, பால் ஏடு நிறத்தில் இருந்தது. வடக்குச் சுவர் பாசி பிடித்துப் பச்சையாகவும் கறுப்பாகவும் இருந்தது. வாசல் பக்கம் யாரோ காரை பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தாளில் கலந்து தீட்டினேன். தெருவில் போனவர்கள் வீடு விலைக்கு வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முசே திரும்பி வந்ததும் என் தாளில் இருந்த நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நான் இந்த வீட்ட வாங்குனப்ப இருந்த கலர சொன்னேன், மோனாமி. இப்ப இருக்கிறத யாரு கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமை மாமனார்

இதையெல்லாம் உதறிவிட்டுப் பேனருக்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. என் மாமனார் மில் தொழிலாளியாக இருந்தவர். மில் என்றைக்கு ஓடும், என்றைக்குக் கதவை மூடும் என்று பயந்து பயந்து பிள்ளைகளை வளர்த்தவர். அதனால் பெண்ணைக் கொடுத்தால் கவர்மெண்ட் மாப்பிள்ளைக்குத்தான் என்று இருந்து, என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டார். நான் தற்காலிகம் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. "சீக்கிரம் பர்மனண்ட் ஆயிடும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, "ஆர்டர் வந்துச்சா மாப்ள?" என்று கேட்பார். வரவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போவார். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அரசு வேலையில் நிரந்தரம் ஆவதற்கு வயது வரம்பு உண்டு அல்லவா? அடுத்த ஆவணி பிறந்தால் நான் அதைத் தாண்டிவிடுவேன். தாண்டிவிட்டால் ஆண்டவனே சிபாரிசு செய்தாலும் நடக்காது. அதற்குள் நான்கு கெளுத்தியும் முடிந்து, சார்ட் அச்சாகி, மேலிடம் பார்த்துத் தலையாட்ட வேண்டும். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் கெளுத்திக் குழம்பு வைத்தால் தட்டைத் தள்ளிவிடும் அளவுக்குப் போய்விட்டேன். என் மனைவி விசாலம் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

"கெளுத்திக்கு எத்தினி மீசைன்னா சொல்லத் தெரியுது. ஆர்டர் எப்ப வரும்னா சொல்லத் தெரியல. சாப்பிடுங்க."

மீன்தான் சரியில்லை

கறுப்புக் கெளுத்தியைப் பியூன் கலியபெருமாள் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். அரியாங்குப்பம் ஆற்றில் தெரிந்த ஆள் மூலம் பிடித்து, உயிரோடு ஒரு கரிப்பானையில் போட்டு, மேலே தட்டு மூடிக் கொண்டுவந்தார். தட்டைத் திறந்தேன். சொன்னது சொன்னபடி கறுப்பு! எனக்கு வந்த சந்தோஷத்தில் கலியபெருமாளைக் கட்டிக்கொண்டேன். பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதியத்துக்குள் படத்தை முடித்துவிட்டேன். முதல் தடவையாக ஒரு மீன் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கலியபெருமாள் பானை வீட்டுக்கு வேண்டும் என்று மீனை வெள்ளைப் பீங்கான் பேசினில் மாற்றி வைத்திருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டிருந்தது. இருட்டில் கறுப்பதும் வெளிச்சத்தில் வெளுப்பதும் அதன் சுபாவம் போலிருக்கிறது. எனக்கு யார் சொன்னார்கள்? ஆபீசர் சரிபார்க்க வந்தபோது பேசினில் சாம்பல் நிறத்தில் ஒரு மீன் சாவகாசமாக மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் படத்தைக் கிழிக்கப் போனேன். ஆபீசர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"படம் சரியாத்தான் இருக்கு. மீன்தான் சரியில்ல. நீங்க மீனைப் பாக்காம முடிச்சிடுங்க."

அஞ்சலையிடம் எல்லாம் கிடைக்கும்

வெள்ளைக் கெளுத்திக்காகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விற்கிற அஞ்சலை முன்னால் கூடையில் வெள்ளை வெளேரென்று கெளுத்தி கிடந்தது. ஒன்றை வாங்கிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தேன். படம் நன்றாக வந்தது. எழுந்திருக்கும்போதுதான் அஞ்சலை அடுத்த கூடையைக் கவிழ்த்தார். அதிலிருந்து விழுந்தவை மங்கிய பழுப்பு. ஐஸில் கிடந்து கோழை பிடித்திருந்த அவற்றை எடுத்து, அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுப் பரபரவென்று தேய்த்தார், தண்ணீர் ஊற்றினார், வெள்ளைக் கெளுத்தி தயார்.

"அய்யோ, இது வேற மீனா, அதே மீனா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. கெளுத்தி கறுத்துக் கிடந்தால் கவுச்சி அடிக்கும் என்று வீட்டுப் பெண்கள் வாங்க மாட்டார்கள், தேய்த்தால்தான் போகும் என்று விளக்கினார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது. இன்னொரு மீனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதுக்கா கலங்குற? உனக்கு எந்தக் கலரு வேணும் சொல்லு, அந்தக் கலருக்குத் தேய்ச்சுத் தரேன்."

ஆபீசர் வீட்டு மீன்

மஞ்சள் மட்டும் அகப்படவே இல்லை. ஆவணியோ நெருங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து ஆபீசருக்கே பொறுக்கவில்லை. நல்லவர் என்று சொன்னேனே. ஒரு சனிக்கிழமை தானே மார்க்கெட்டுக்குப் போய், கூடை கூடையாகப் பார்த்து ஒரு கெளுத்தியை வாங்கி, திங்கட்கிழமை ஆபீசுக்குக் கொண்டுவருவதற்காக வீட்டில் ஐஸ் போட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை டிபன் கேரியரின் அடித்தட்டைத் திறந்து என் மேஜையில் வைத்தபோது அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது. உள்ளே பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் ஒரு கெளுத்தி.

நான் அதைத் தொட்டேன். என் விரல் மஞ்சளானது. முகர்ந்து பார்த்தேன், பொங்கல் அன்று மஞ்சள் கொத்துக் கட்டிய பானை மணந்தது. அவர் வீட்டுச் சமையல்கார அம்மாள், மீன் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் நம் ஊரில் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் செய்திருந்தார். மஞ்சள்தூள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். "சார், இது மஞ்சள் பூசின மீன்" என்றேன். ஆபீசர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. விரலை நீட்டிக் காட்டினேன். அவர் அந்த விரலைப் பார்க்கவே இல்லை. டைப்பிஸ்ட் அம்மாளும் டிரைவரும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டு மீனையே சந்தேகப்படறீங்களா, ஆர்ட்டிஸ்ட்?"

கட்டுமரத்தில் ஒரு காலை

மஞ்சள் முடிந்தது, அதாவது முடிக்கப்பட்டது. மிச்சம் நீலம். அதையாவது என் கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. யார் சொல்வதையும் கேட்பதில்லை, மீன் தண்ணீரைவிட்டு வருகிற இடத்திலேயே நின்று பார்த்துவிடுவது. மறுபடி பிள்ளைச்சாவடிக்குப் போனேன். சிங்காரமும் பாவாடையும் அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஆனால் கட்டுமரம் ஒன்றுதானே. பேசாமலே சேர்ந்து போய்வந்துகொண்டிருந்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். "அவர துடுப்ப வலிக்கச் சொல்லுங்க, படக்காரரே" என்று அண்ணன் சொல்வார். நான் திரும்பித் தம்பியிடம் சொல்வேன். "எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்று தம்பி சொல்வார். நான் திரும்பி அண்ணனிடம் சொல்வேன். இடையிடையே குனிந்து வாந்தி எடுப்பேன்.

வலையை அண்ணன் இழுத்தார். முதல் கெளுத்தி தண்ணீருக்கு மேலே வந்தது. நீலம்! முதுகெல்லாம் மயில் கழுத்து, பக்கத்தில் ஊதா ஓடிக்கொண்டிருந்தது. பேனரில்கூட நான் அப்படி ஒரு நிறம் கலந்ததில்லை. வர்ணப்பெட்டியைத் திறந்து, பிரஷை நனைத்து, நிமிர்ந்தேன். நீலம் குறைந்திருந்தது. வெண்கல நிறம் வந்திருந்தது. அதைக் கலக்கத் தொடங்கினேன், சாம்பலாகிவிட்டது. கரைக்கு வந்து தம்பி உட்கார்ந்து வலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எல்லாம் ஈரக் கோணி. புரட்டிப் போட்டால் அடிவயிறு வெள்ளை. ஆபீசில் பானைக்குள் கறுத்ததும், சாம்பலில் வெளுத்ததும், மஞ்சளில் குளித்ததும் இதே மீன்தான். அதே தலை, அதே முள், எண்ணி எண்ணி எனக்கு மனப்பாடமாகிவிட்ட அதே மீசை. வேறு சாதிக் கெளுத்திகள் கடலில் எங்கோ இருக்கத்தான் இருக்கும். எனக்கு வாய்த்தது இது ஒன்றுதான். இத்தனை காலம் ஒரே மீனின் பின்னால் நான்கு பெயர் சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறேன். மணலில் உட்கார்ந்து வாந்தியும் எடுத்தேன், அழவும் செய்தேன்.

ஒரே ஒரு நல்ல காரியமாவது செய்வோம் என்று, அண்ணன் இழுக்கும்போது பார்ப்பதால் நீலம், தம்பி கழற்றும்போது பார்ப்பதால் பழுப்பு, இரண்டு பேரும் சொன்னது நிஜம் என்று விளக்கினேன். இருவரும் கவனமாகக் கேட்டார்கள். தலையாட்டினார்கள். இப்போது பேசிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். பாவாடை மீனைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீனு வெவகாரம் தீந்துச்சு. வலை வெவகாரம் அப்டியேதான் கீதுன்னு அவராண்ட சொல்லிடுங்க."

எண்ணிக்கை

அன்றே ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் என் வேலைக்கு நல்லது என்று தெரியும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. நான்கு வகையும் ஒரு வகைதான், சார்ட்டில் ஒரே ஒரு மீனைப் போட்டு, எந்த நேரத்தில் எந்த நிறத்தில் இருக்கும் என்று பக்கத்தில் காட்டலாம், அதுதான் பயிற்சிக்கு உதவும் என்றேன். அவர் மேலிடத்துக்கு அனுப்பிய பதிலின் நகலை எடுத்து, நான்கு வகை என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. புரிந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நாலுன்னு மேல எழுதியாச்சே, தம்பி. மீன் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும், எண்ணிக்கை நாலாவே இருக்கட்டும்."

அச்சுக்கூடத்துக்காரரின் சிக்கனம்

நீலத்தையும் நினைவிலிருந்து தீட்டி முடித்தேன், சார்ட் அச்சுக்குப் போனது. கலர் அச்சுக்கு அனுமதி இல்லை, கறுப்பு மை மட்டும்தான் என்று அங்கே போன பிறகு தெரிந்தது. இத்தனை பேரிடம் திட்டு வாங்கிக் கலந்த நிறமெல்லாம் கறுப்பு மைக்குள் போகப் போகிறது. ஆவணி வருவதற்குள் அச்சானால் போதும் என்று இருந்தேன்.

அச்சானதைப் பிரித்துப் பார்த்தேன். நான் வரைந்தவை நான்கு தனிப் படங்கள். ஒன்று வாலை வளைத்திருக்கும், ஒன்று வாயைத் திறந்திருக்கும். அச்சானதில் நான்கு இடத்திலும் வாலை வளைத்த அதே மீன். கீழே மட்டும் வெள்ளைக் கெளுத்தி, கறுப்புக் கெளுத்தி, மஞ்சள் கெளுத்தி, நீலக் கெளுத்தி என்று நான்கு பெயர். அச்சுக்கூடத்துக்காரர் ஒரே ஒரு படத்துக்கு அச்சுத்தகடு, அதாவது பிளாக், செய்து, அதையே நான்கு தடவை வைத்து அடித்திருந்தார். நான் சண்டைக்குப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலும் ஒண்ணுதானே சார். எதுக்கு நாலு பிளாக்கு? உங்களுக்கு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மேலிடம்

ஆடி மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். எங்கள் ஆபீசர் மற்ற சார்ட்டுகளையெல்லாம் விளக்கிக்கொண்டே, கெளுத்தி சார்ட்டை மட்டும் வேகமாகத் தாண்டப் பார்த்தார். அதிகாரி நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இது நாலும் ஒரே மீன்தானே?" என்றார். நான்கு வகை என்று நாங்கள் எழுதிய அன்றே மேலிடம் கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கடைசியில் ஒருவர் கேட்டேவிட்டார். ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிய தாள் அந்த அதிகாரியின் கையெழுத்துக்காக மேஜையில் காத்திருந்தது. நான்கு வேறு வேறு மீன், அச்சில்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு விசாலத்தின் முகம் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் மணி காதில் கேட்டது. ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "ஆமாம் சார், ஒண்ணுதான்" என்றது.

அவர் என்னைப் பார்த்து, "ஒரே மீனை நாலு தடவை போடறதுக்கு எதுக்கய்யா தனியா ஓர் ஆர்ட்டிஸ்ட்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். தாள் கையெழுத்தாகவில்லை. ஆர்ட்டிஸ்ட் வேலையையே எடுத்துவிட்டார்கள். ஆவணி வந்தது, என் வயது வரம்பைத் தாண்டிக்கொண்டு போனது. ஆபீசர் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சார்ட்டில் ஒன்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். அதன்பின் பல வருஷம் எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனிகளுக்குப் போர்டு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினேன்.

வேலை போனதை மாமனாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, விசாலம்தான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஆர்டர் வந்ததா என்று கேட்கவில்லை. சார்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, பாயில் விரித்து, நான்கு மீனையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நாலும் நல்லாத்தான் போட்டிருக்கீங்க மாப்ள. இதுல எது உங்க வேலைய முழுங்குன மீனு?"

ஆகவே, கெளுத்தி என்ன நிறம் என்று உங்களை யாராவது கேட்டால், யார் கையில், எந்தப் பாத்திரத்தில், எந்த நேரத்தில் என்று தாராளமாகத் திருப்பிக் கேளுங்கள். கேட்கிறவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தால் மட்டும், அவர் வாயிலிருந்து நிறம் வரும்வரை காத்திருந்து "அதேதான் சார்" என்று சொல்லிவிடுங்கள்.